பயறு முளைக்கிற கதை: கோடிங் தெரியாமலே ஒரு சயின்ஸ் கேம்

நாலாங்கிளாஸ் பசங்ககிட்ட விதை முளைக்க என்ன வேணும்னு கேட்டா பாதிப்பேர் மண்ணு, வெயில்னு சொல்றாங்க. வீட்ல பச்சைப்பயறை ஈரத்துணில கட்டி முளைகட்டுறத பாத்து வளர்ற பசங்கதான், ஆனா அதையும் பாடத்தையும் சேத்துப் பாக்குறதில்ல. அதுக்காகத்தான் இந்த கதை கேம் செஞ்சேன்.

டூல் ட்வைன், க்ளிக் பண்ணி வழி தேர்ந்தெடுக்குற கதைகள் செய்றதுக்கானது, இலவசம். பசங்க கட்டம் கட்டமா கோடிங் பண்ற ஸ்க்ராட்ச்சும் நல்லதுதான், ஆனா பொம்மைய வரைஞ்சு அசைய வைக்கவே நேரம் ஓடிடும், கதைதான் முக்கியம்னா என் ஓட்டு ட்வைனுக்கு. கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணிக்கங்க, பிரவுசர்ல செஞ்சா என்னைக்காவது சைட் டேட்டாவ க்ளியர் பண்ணும்போது கதையும் சேந்து போயிடும்.

1. மொதல்ல பேப்பர்ல எழுதுங்க. டப்பால இருந்து தவறி விழுந்த ஒரு காஞ்ச பயறு, அதுக்கு மூணு வழி: தண்ணி டம்ளர், காஞ்ச துணி, இருட்டு டப்பால ஈரத்துணி. எதுலயும் "தப்பு"ன்னு எழுதாதீங்க. டம்ளர்ல முழுசா முங்கினா ஊறி உப்பும், அப்புறம் காத்து பத்தாம அழுகும், "மூச்சு முட்டுதே"ன்னு பயறே சொல்லட்டும், பிள்ளை தானா திரும்பிப் போய் வேற வழி தேடும்.

2. ஒவ்வொரு காட்சியும் ஒரு பாஸேஜ், அதாவது ட்வைன்ல ஒரு கதைப் பக்கம். ரெட்டை சதுர அடைப்புக்குள்ள எழுதுறது அடுத்த பக்கத்துக்குப் போற லிங்க். இங்கதான் நான் ஒரு சாயங்காலம் முழுக்க மாட்டிக்கிட்டேன். [[ஈரத்துணி]]ன்னு எழுதினா அந்தப் பேர்ல பாஸேஜ் தானா வந்துடும், சரி, ஆனா இன்னொரு எடத்துல கதை ஓட்டத்துல [[ஈரத்துணிக்குள்ள]]ன்னு எழுதிட்டேன், ட்வைன் அத வேற பேர்னு நெனச்சு இன்னொரு காலி பாஸேஜ் தொறந்துடுச்சு. தமிழ்ல வேற்றுமை உருபு ஒட்டாம ஒரு வரி எழுத முடியுமா? அதனால பாஸேஜுக்கு சின்னப் பேரா வச்சுட்டு இப்படி எழுதுங்க:

[[ஈரத்துணிக்குள்ள ஒளிஞ்சுக்கோ->துணி]]

இடது பக்கம் இருக்கறது பிள்ளைங்க பாக்குறது, வலது பக்கம் பாஸேஜ் பேர். பேருக்கு நடுவுல ஸ்பேஸ் விழுந்தாக்கூட வேற பேர்தான், பாத்துக்கங்க.

3. ப்ளே பண்ணிப் பாத்துட்டு பப்ளிஷ் டு ஃபைல் குடுங்க. ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல் வரும், நெட் இல்லாமலே ஓடும்.

அப்டேட்: கதைல சேத்த படம் தெரியலன்னு ரெண்டு மூணு டீச்சர்கள் கமெண்ட்ல சொன்னாங்க. படம் அந்த ஃபைலுக்குள்ள போறதில்ல, ஒரே ஃபோல்டர்ல பக்கத்துல இருக்கணும், அனுப்பும்போது ஃபோல்டரையே ஜிப் பண்ணி அனுப்புங்க.

இன்னொருத்தர் அப்ப வெளிச்சமே வேணாமான்னு கேட்டிருந்தார். முளைக்கிற வரைக்கும் பயறுக்குள்ள இருக்குற சாப்பாடே போதும். அப்புறமும் இருட்டுலயே விட்டா தண்டு வெளிறி, நீளமா நெடுநெடுன்னு போகும். இதையும் இன்னொரு பாஸேஜா சேத்துட்டேன், பேரு "ஜன்னல்".