கருந்துளையின் அளவை மனக்கணக்காகவே போடலாம்

கருந்துளையை ஓட்டை என்று நினைக்காமல் ஓர் எல்லை என்று நினையுங்கள். அதைத் தாண்டினால் ஒளிகூடத் திரும்பாது. எல்லையின் ஆரம் வேண்டுமா? கருந்துளையின் நிறையைச் சூரிய நிறைகளில் (சூரியனைப் போல் எத்தனை மடங்கு என்று) எழுதி, 3 கி.மீ.யால் பெருக்குங்கள் (சுழலாத கருந்துளைக்கு). சூரியனைக் கருந்துளையாகச் சுருக்கினால் 3 கி.மீ. பூமிக்கு வெறும் 9 மி.மீ., கோலிகுண்டு அளவுதான்! நம் பால்வழி மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளை சுமார் 43 லட்சம் சூரிய நிறை. ஆரம் ஏறக்குறைய 1.3 கோடி கி.மீ.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்பது தவறு. சூரியனின் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை இருந்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும். ஈர்ப்பைத் தீர்மானிக்கும் நிறையும் தூரமும் மாறவில்லையே.

2019-இல் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் புகைப்படத்தில் தெரியும் கறுப்பு வட்டமும் அந்த எல்லை அல்ல. ஒளி வளைவதால் உண்டாகும் நிழல் அது. எல்லையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரியது.