எஃப்.பி.ஐ. கோப்புகளில் 'வாஷிங்டன் டி.சி.'யைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட குற்றப் புலனாய்வுக் கோப்பு ஒன்றைத் திறந்து 'வாஷிங்டன்' என்று தேடினால், ஏறத்தாழ எல்லாப் பக்கங்களும் வந்து நிற்கும். அதை வைத்து வழக்கின் வேர் தலைநகரில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவது, புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. எந்த மாநிலத்தில் நடந்த வங்கிக் கொள்ளையாக இருந்தாலும் அதன் அறிக்கை தலைமையகத்துக்குச் செல்கிறது. தலைமையகம் இருப்பதோ கொலம்பியா மாவட்டத்தில், அதாவது 'டி.சி.'யில். ஆகவே, ஊர்ப்பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் அது கடிதம் போய்ச் சேர்ந்த முகவரியா, விசாரித்த அலுவலகமா, வழக்கு நடந்த நீதிமன்ற எல்லையா, சம்பவம் நடந்த இடமா என்று பிரித்தறிவதே முதல் வேலை.

தாளின் மேற்பகுதியிலிருந்து தொடங்குங்கள். பெறுநர் இடத்தில் 'டைரக்டர், எஃப்.பி.ஐ.' என்றிருந்தால் அது தலைமையகம். பழைய தாள்களில் 'பீரோ' என்ற சொல்லும் 'எஸ்.ஓ.ஜி.' என்ற சுருக்கமும் அதையே குறிக்கின்றன. அனுப்புநர் இடத்தில் 'எஸ்.ஏ.சி., டபிள்யூ.எஃப்.ஓ.' என்றிருந்தால் ('எஸ்.ஏ.சி.' என்பது அலுவலகத்தின் பொறுப்பதிகாரி) அது வாஷிங்டன் கள அலுவலகம், அதாவது தலைநகரில் இறங்கி விசாரிக்கும் தனி அலுவலகம். ஒரே ஊரில் இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு. கோப்பு எண்ணும் இந்த வேறுபாட்டைக் காட்டும். எண்ணின் முதற்பகுதி குற்ற வகையையும், அடுத்தது வழக்கையும், கடைசியானது கோப்பிலுள்ள அந்தத் தாளின் வரிசையையும் சொல்கின்றன. ஜனநாயகக் கட்சியின் தேசிய அலுவலகத்துக்குள் ஆட்கள் அத்துமீறி நுழைந்த வாட்டர்கேட் வழக்கின் தலைமையகக் கோப்பு 139-4089. இதில் 139 என்பது ஒட்டுக்கேட்பு போன்ற தகவல் இடைமறிப்புக் குற்றங்களுக்கான வகை. கள அலுவலகம் தன் கோப்புக்கு அதே 139-ஐ இட்டாலும் வழக்கு எண்ணை வேறாகவே வைத்திருந்தது. தாளில் 'ஏர்டெல்' என்று கண்டால் திகைக்க வேண்டாம். தொலைபேசி நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, அன்றே தட்டச்சிட்டு விமான அஞ்சலில் விடுக்கும் அவசரக் கடிதத்துக்கு அவர்கள் இட்ட பெயர் அது.

அடுத்து 'ஓ.ஓ.' என்ற இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். வழக்கை நடத்தும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்பதை அவை சொல்கின்றன. அங்கே வேறு ஊர் இருந்து, அறிக்கையின் இறுதியில் 'வாஷிங்டன் டி.சி.யில்' என்று தொடங்கும் வரி வந்தால், அது பெரும்பாலும் 'லீட்' எனப்படும் பணிக் குறிப்பாக இருக்கும்: இன்னாரை விசாரிக்க வேண்டும், இந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததாக எடுத்துக்கொள்வதால் விளையும் குழப்பம், என் கருத்தில், மற்ற எல்லாப் பிழைகளையும்விடப் பெரியது. நேர்காணல் உண்மையில் நடந்ததா என்பதை எஃப்.டி.-302 என்ற படிவம் காட்டும். அதில் நேர்காணலின் நாளும் இடமும் பதிவாகியிருக்கும். கூடவே எழுதப்பட்ட நாள் தனியாக இருப்பதால், இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

வாட்டர்கேட் கோப்பு நல்ல பயிற்சிக் களம், ஏனெனில் அங்கே தலைநகரம் நான்கு பொருளிலும் வருகிறது. 1972 ஜூன் 17 அதிகாலையில் வர்ஜீனியா அவென்யூவில் உள்ள வாட்டர்கேட் அலுவலகக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் ஐவரைக் கைது செய்தவர்கள் எஃப்.பி.ஐ.யினர் அல்லர், மாநகரக் காவல் துறையினர். ஒட்டுக்கேட்புக் கருவிகள் கிடைத்ததால் வழக்கு கூட்டாட்சிக் குற்றமாகி, வாஷிங்டன் கள அலுவலகத்தின் கைக்கு வந்தது. அந்த அலுவலகம் தலைமையகத்துக்கு எழுதிய தாள்களில் இரு பக்கமும் வாஷிங்டனே நிற்கும். செப்டம்பர் 15 அன்று எழுவர் மீது குற்றஞ்சாட்டிய பெருநடுவர் குழுவும் (குற்றஞ்சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) கொலம்பியா மாவட்டத்தைச் சேர்ந்ததுதான்.

முகவரிகளில் ஒரு நுட்பம் உண்டு. நாடாளுமன்றக் கட்டடத்தை மையமாக வைத்து நகரம் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளதால், ஆறாம் தெரு என்று மட்டும் சொன்னால் அது நான்கு இடங்களில் எதுவாகவும் இருக்கலாம். 'என்.டபிள்யூ.' (வடமேற்கு) போன்ற பின்னொட்டு இல்லாத முகவரியை வரைபடத்தில் குறிக்காதீர்கள். புறநகர்களிலும் கவனம் தேவை: மேரிலாந்துப் பக்கம் பால்டிமோர் அலுவலகத்தின் எல்லை; வட வர்ஜீனியா இன்று வாஷிங்டன் கள அலுவலகத்தின் கீழ் வந்தாலும், 1972இல் அலெக்ஸாண்ட்ரியாவில் தனி அலுவலகம் இருந்தது.

கொலம்பியா மாவட்டம் மாநிலம் அல்ல என்பதால், அங்கே பெரியவர்கள் செய்யும் கடுங்குற்ற வழக்குகளையும் 'யு.எஸ். அட்டர்னி' எனப்படும் கூட்டாட்சி அரசு வழக்கறிஞரே நடத்துகிறார். வேறு நகரங்களில் இவ்வழக்குகள் உள்ளூர் வழக்கறிஞரிடம் போயிருக்கும். ஆகவே, 'யு.எஸ். அட்டர்னி' என்ற பெயரைக் கண்டவுடன் நாடளாவிய வழக்கு என்று எண்ணாமல், அது மாவட்டத்தின் உள்ளூர் நீதிமன்றமான சுப்பீரியர் நீதிமன்றத்துக்குப் போனதா, கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனதா என்று பாருங்கள்.

வெளியிடும்போது கறுப்படித்து மறைத்த இடங்களின் ஓரத்தில், மறைத்த காரணத்தைச் சொல்லும் விலக்குக் குறிகள் இருக்கும். 'பி7சி' தனிமனித அந்தரங்கத்தையும், 'பி7டி' இரகசியத் தகவலாளரையும், 'பி3' வேறொரு சட்டம் மறைக்கச் சொன்னதையும் குறிக்கின்றன. பெருநடுவர் குழுவின் இரகசியம் பெரும்பாலும் இந்த மூன்றாவதில் அடங்கும். மறைக்கப்பட்ட பெயரை ஊகித்து நிரப்ப வேண்டாம். மறைக்கப்படாத பெயரும் குற்றவாளியின் பெயர் என்றாகிவிடாது, ஏனெனில் சாட்சியும் அண்டை வீட்டாரும் அதே கோப்பில்தான் இருக்கிறார்கள்.

பக்கங்கள் விடுபட்டிருந்தால், 1966இன் தகவல் சுதந்திரச் சட்டப்படி எஃப்.பி.ஐ.யிடம் கேட்கலாம், அவர்கள் பதிலளிக்கச் சட்டம் 20 வேலை நாள் தருகிறது, நடைமுறையில் அது பல மாதங்களாக நீளும். தலைமையகக் கோப்பு, வாஷிங்டன் கள அலுவலகக் கோப்பு இரண்டையும் வேண்டுகோளில் பெயர் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் ஒன்றில் இல்லாத தாள் மற்றொன்றில் இருக்கக்கூடும். மாநகரக் காவல் துறையின் அறிக்கைக்கு மாவட்டத்தின் சொந்தத் தகவல் சட்டத்தின் கீழ் தனியாக எழுத வேண்டும். நீதிமன்றங்கள் கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வராததால், குற்றப்பத்திரிகையும் சாட்சிய ஆவணங்களும் வேண்டுமென்றால் நீதிமன்ற எழுத்தரையோ, பழைய வழக்கானால் தேசிய ஆவணக் காப்பகத்தையோ அணுகுங்கள்.