ஜூம் வகுப்பில் வீடியோ ஓடுகிறது, சத்தம் போகவில்லை

ஆசிரியர் கணினியில் வீடியோ நன்றாகவே ஓடும். மாணவர்களுக்கோ வாயசைவு மட்டும். திரையைப் பகிர்ந்தால் கணினியின் ஒலி தானாகச் சேர்ந்து போகாது. ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் நுழைவதையும் எதிரொலி என்று ஜூம் அடக்கிவிடும்.

பகிரும் பெட்டியில் 'ஷேர் சவுண்ட்', 'ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்' இரண்டையும் டிக் செய்தேன், சரியானது. இரண்டாவதை விட்டால் படம் தாவும். தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) என்ற வேதியியல் சோதனையில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டி இளஞ்சிவப்பாக மாறும் அந்த ஒரு சொட்டுதான் பாடமே, அதுவே காணாமல் போகும். யூடியூபில் 'கே' விசையால் நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் காட்சி ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். காற்புள்ளி பின்னே கொண்டுபோகும்.

கூகுள் மீட்டில் குரோம் டேப்பை மட்டும் பகிருங்கள், டேப் ஆடியோவையும் ஆன் செய்து.