திமிங்கில வேட்டைக் கப்பல்களின் நாட்பதிவேடுகளைப் படியெடுக்கும் முறை

19-ஆம் நூற்றாண்டில் நியூ பெட்ஃபோர்ட், நான்டக்கெட், சாக் ஹார்பர் முதலான அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட திமிங்கில வேட்டைக் கப்பல்கள், மூன்று ஆண்டுகள் நான்கு ஆண்டுகள் என்று கடலிலேயே காலம் கழித்தன. அத்தனை நாளும் தவறாமல் ஒருவர், பெரும்பாலும் கப்பல் தலைவருக்கு அடுத்த நிலையிலிருந்த சீஃப் மேட், அன்றைய காற்று, வானிலை, கப்பல் சென்ற திசை, கண்ட திமிங்கிலம், பிடித்த திமிங்கிலம் ஆகியவற்றைக் கையால் எழுதி வைத்தார். அந்தப் பதிவேடுகள் நியூ பெட்ஃபோர்ட் திமிங்கில வேட்டை அருங்காட்சியகம், மிஸ்டிக் சீபோர்ட், பிராவிடன்ஸ் பொது நூலகம் முதலிய இடங்களில் காக்கப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் பக்கங்கள் படமாக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் படத்திலுள்ள கையெழுத்தை அப்படியே தேடவோ கணக்கிடவோ முடியாது. அதைத் தட்டச்சு எழுத்தாக மாற்றித் தருவதே தன்னார்வலரின் பணி. 2010-இல் பிரித்தானியக் கடற்படைப் பதிவேடுகளைக் கொண்டு தொடங்கிய ஓல்ட் வெதர் என்னும் திட்டம், பின்னர் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஏடுகளையும் இப்பணிக்குள் கொண்டுவந்தது.

இப்பணிக்குப் புதிதாக வருவோர் முதலில் அறிய வேண்டியது, இந்த வரிகளை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதாகும். 1848-இல் சாக் ஹார்பரைச் சேர்ந்த சுப்பீரியர் என்னும் கப்பல் தாமஸ் ராய்ஸின் தலைமையில் பெரிங் நீரிணையைக் கடந்து சென்று போஹெட் திமிங்கிலங்களைக் கண்டது. அதன் பிறகு ஆண்டுதோறும் பல கப்பல்கள் அவ்வழியே வடக்கே சென்றன. போஹெட் பனிக்கட்டியின் ஓரமாகவே வாழும் உயிரினம் என்பதால், அதைத் தேடிய கப்பல்களும் அந்த ஓரத்திலேயே நின்றன. பனிக்கட்டி எங்கே தொடங்குகிறது என்று நாள்தோறும் குறித்து வைத்தன. 1871-இல் அலாஸ்காவின் வட கரையோரம் 33 கப்பல்கள் பனியில் சிக்கிக் கைவிடப்பட்டதும், அவற்றிலிருந்த 1,200-க்கும் மேற்பட்டோர் அனைவரும் உயிர் தப்பியதும் அந்தத் தொழிலில் பனியின் இடம் என்ன என்பதைக் காட்டும். வட துருவக் கடற்பனியைச் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் அளக்கத் தொடங்கியது 1970-களின் இறுதியில்தான். அதற்கு முந்தைய நிலையை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு சீஃப் மேட் எழுதிய இந்த வரிகள் பெருந்துணை. திமிங்கிலங்களைப் பற்றி ஆராய்வோருக்கும் அப்படியே. வட பசிபிக்கில் வேட்டை தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் மீது எறியீட்டி பாய்ந்த விகிதம் ஏறத்தாழ 58 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு இந்தப் பதிவேடுகளைக் கொண்டே கணக்கிட்டது. தப்பிக்கும் வழியைத் திமிங்கிலங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்பது அதன் விளக்கம். படகுகளை இறக்கியும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய நாள்களின் பதிவு இல்லாவிட்டால் அந்தக் கணக்கே இல்லை. ஆகவே ஒன்றும் நடக்காத நாள் என்று எண்ணி எந்த வரியையும் விட்டுவிட வேண்டாம்.

ஒரு பதிவேட்டைத் திறந்தவுடன் தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள். பத்துப் பக்கங்களையாவது வெறுமனே படியுங்கள். எழுதியவரின் கை பழகுவதற்கு அதுவே குறுக்குவழி. பல ஏடுகளில் ஒவ்வொரு நாளின் குறிப்பும் ஏறத்தாழ ஒரே சொற்றொடருடன் தொடங்கி, ‘ஸோ என்ட்ஸ் திஸ் டே’ (இந்நாள் இவ்வாறு முடிகிறது) அல்லது ‘ஸோ என்ட்ஸ்’ என்று முடியும். நாள்தோறும் திரும்ப வரும் அந்தச் சொற்களில் எஸ், ஈ, டி, என் ஆகிய எழுத்துகளை அவர் எப்படிச் சுழிக்கிறார் என்று பார்த்துத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், பின்னர் புரியாத சொல் வரும்போது அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு எஸ் அடுத்தடுத்து வரும் சொல்லில் முதல் எஸ் நீண்டு, எஃப் போலவோ பி போலவோ தோன்றும் வழக்கம் அந்த நூற்றாண்டின் கையெழுத்துகளில் வெகுகாலம் நீடித்தது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

அடுத்தது நாள் கணக்கு. பல பதிவேடுகளில் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. நண்பகலில் தொடங்கி மறு நண்பகலில் முடிகிறது. ‘ஃபர்ஸ்ட் பார்ட்’ என்பது நண்பகலிலிருந்து இரவு 8 மணி வரை, ‘மிடில் பார்ட்’ என்பது அதிகாலை 4 மணி வரை, ‘லாட்டர் பார்ட்’ என்பது அடுத்த நண்பகல் வரை. இந்தக் கடல் நாள், நிலத்து நாட்காட்டியைவிட 12 மணி நேரம் முன்னதாகத் தொடங்குவதால், மே 15 என்ற தலைப்பின் கீழ் மாலையில் நடந்ததாக வரும் நிகழ்வு, கரையிலிருந்தோர் கணக்கில் மே 14 மாலையில் நடந்தது. இதைக் கண்டுபிடித்தவுடன் தேதியைத் திருத்தத் தோன்றும், திருத்தாதீர்கள். ஏட்டில் உள்ள தேதியை அப்படியே இடுங்கள். எல்லா ஏடுகளும் இம்முறையில் எழுதப்பட்டவை அல்ல என்பதால், மாற்றிக் கணக்கிடுவதை ஆய்வாளரிடம் விடுவதே பாதுகாப்பு.

காற்றின் திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். தென்றல் என்றால் தெற்கிலிருந்து வருவது என்று நாம் சொல்வது போலத்தான் சீஃப் மேட்டும் எழுதினார். கப்பலின் போக்கோ அது செல்லும் திசையைக் குறிக்கும். இரண்டும் ஒரே வரியில் அடுத்தடுத்து வருவதால், எது காற்று, எது போக்கு என்று பார்த்து உரிய கட்டத்தில் இட வேண்டும். திசைகாட்டியில் 32 திசைகள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 11.25 டிகிரி. ‘சவுத்வெஸ்ட் பை வெஸ்ட்’ (தென்மேற்கிலிருந்து ஒரு திசை மேற்காக) என்பதில் நடுவிலுள்ள ‘பை’ ஒரு சிறு கீறலாகவே தெரியக்கூடும். அதை மை தெறித்தது என்று தள்ளிவிட்டால் திசை மாறிவிடும்.

எண்களில் எனக்கு நேர்ந்த ஒரு பிழையைச் சொன்னால் பயன்படும். அட்சரேகை 17 டிகிரி என்றிருந்ததை, ஏழின் மேற்கோடு மங்கியிருந்ததால், 11 என்று படித்து இட்டுவிட்டேன். அடுத்த நாளின் குறிப்புக்கு வந்தபோது கப்பல் மீண்டும் 17 டிகிரிக்கு அருகில் இருந்தது. ஆறு டிகிரி என்பது 360 கடல் மைல். திமிங்கில வேட்டைக் கப்பல் ஒரு நாளில் 200 கடல் மைல் சென்றாலே நல்ல ஓட்டம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளின் இருப்பிடத்தையும் முந்தைய நாளோடும் அடுத்த நாளோடும் வைத்துப் பார்த்த பின்னரே அடுத்த பக்கத்துக்குச் செல்கிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கண்ணைச் சரிபார்க்க மட்டுமே. சீஃப் மேட்டே தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு அப்படியே இருக்கட்டும். ஐயத்தைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். மேகமூட்டத்தால் சூரியனை அளக்க முடியாத நாள்களில் இருப்பிடம் எழுதப்படாமலே இருக்கும். அக்கட்டத்தை ஊகித்து நிரப்பக் கூடாது.

ஓரத்தில் திமிங்கில வடிவில் முத்திரைகள் பதிந்திருப்பதைக் காண்பீர்கள். மரத்திலோ எலும்பிலோ செதுக்கிய அச்சை மையில் தோய்த்துப் பதித்தவை அவை. முழு உடல் இருந்தால் திமிங்கிலம் பிடிபட்டது. அதன் உடலின் நடுவே விடப்பட்ட வெள்ளையிடத்தில் எத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைத்தது என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு பீப்பாய் என்பது 31.5 காலன். வால் மட்டும் நிமிர்ந்து நின்றால் அது பெரும்பாலும் தப்பிச் சென்றதன் அடையாளம். வால் முத்திரைகளே வரிசையாக நிற்கும் பக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. ஆனாலும் முழு உடலோ, வாலோ, எது இருந்தாலும் அதன் எண்ணிக்கையையும் உள்ளிருக்கும் எண்ணையும் சொற்களுக்குத் தரும் அதே கவனத்தோடு பதிய வேண்டும்.

எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். ஒலித்தபடி எழுதியவர்கள் அவர்கள். பிழையோடே தட்டச்சு செய்யுங்கள். இடப்பெயர்களும் இன்றைய பெயர்கள் அல்ல: சாண்ட்விச் தீவுகள் என்றால் ஹவாய், வெஸ்டர்ன் தீவுகள் என்றால் அசோர்ஸ், டெசொலேஷன் என்றால் கெர்கெலன், லைன் என்றால் நிலநடுக்கோடு. இவற்றையும் இன்றைய பெயருக்கு மாற்ற வேண்டாம். கப்பலில் பணியாற்றிய பசிபிக் தீவினரையும் பிறரையும் இழிவாகக் குறிக்கும் சொற்கள் வரும்; அவற்றை மென்மையாக்கினால் அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கான சான்றை அழித்தவர்களாவோம். பாய்மரத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்த செய்தி, காற்றின் திசைக்கும் பாய் தைத்த வேலைக்கும் நடுவே ஒரே வரியில் வந்து போகும். அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அவர் பெயர் வேறெங்கும் எழுதப்படாமல் போயிருக்கலாம்.

படிக்க முடியாத சொல்லை, திட்டம் தந்துள்ள குறியீட்டைக் கொண்டு தெளிவில்லை என்று குறித்துவிட்டு மேலே செல்லுங்கள். பல திட்டங்களில் ஒரே பக்கத்தைப் பலர் தனித்தனியே படியெடுத்து, பின்னர் ஒப்பிடுகிறார்கள். நீங்கள் ஊகித்து எழுதிய சொல் அந்த ஒப்பீட்டைக் குழப்பும்; நீங்கள் விட்ட இடத்தை இன்னொருவரின் கண் நிரப்பிவிடும்.

ஏட்டின் கடைசிப் பக்கங்களையும் விடாமல் பாருங்கள். மாலுமிகள் வாங்கிய புகையிலை, துணி ஆகியவற்றின் கணக்கும் எண்ணெய்க் கணக்கின் கூட்டலும் அங்கே இருக்கும். பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த சில பதிவேடுகளில், பின்னாளில் வீட்டார் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டி வைத்தார்கள். அத்தகைய பக்கத்தை வெற்றுப் பக்கம் என்று குறித்துவிடாதீர்கள். துணுக்கின் விளிம்பில் தெரியும் மைச் சுழிகளைப் படிக்க முடிந்தவரை எழுதி, மேலே தாள் ஒட்டப்பட்டுள்ளது என்றும், முன்பக்கத்தின் கடைசித் தேதியும் பின்பக்கத்தின் முதல் தேதியும் இன்னவை என்றும் குறிப்பிடுங்கள். ஒட்டிய தாளைப் பிரிக்கும் நாள் வந்தால், எந்த நாள்களின் காற்று அதன் அடியில் இருக்கிறது என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.