ஊர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் செய்யக் கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல ஊர்களில் இளைஞர்கள் புள்ளிப் பட்டியலை, அதாவது கோயிலுக்கு வரி கட்டும் குடும்பங்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறார்கள். நல்ல வேலைதான். பாதிக் குடும்பங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும்போது கோயில் வரி தண்டுவதற்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குச் சொல்லி அனுப்புவதற்கும் வேறு வழி இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். பாஸ்வேர்டு போடுங்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"நம்ம சங்கத்துக்கு எதுக்குச் சட்டம்?"

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கம்பெனிகளுக்கு மட்டுமானதல்ல, சங்கங்களுக்கும் பொருந்தும். சொந்தக்காரர்களின் நம்பரை உங்கள் போனில் வைத்திருப்பது வீட்டு உபயோகம், அதற்கு விலக்கு உண்டு. பழைய நோட்டு நோட்டாகவே இருக்கும்வரையிலும் கவலை இல்லை. அதைத் தட்டச்சு செய்ததும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. பெரும்பாலான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன.

ஒன்றுக்கு வாங்கியதை வேறொன்றுக்குக் கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஓர் ஊரில் வரிக்காகவென்று குடும்ப விவரம் எழுதி வாங்கினார்கள். பெயர், போன் நம்பர், பிள்ளைகள் எந்த நாட்டில், ஊர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாமே. தெரிந்த ஒருவர் வரன் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம், எக்செல் கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அது எத்தனை கை மாறியதோ! சில மாதங்களில், பெரிய வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆச்சிக்குப் போன் வந்தது. "ஆச்சி, மகன் சிங்கப்பூர்ல இருக்காரு, வீட்ட யாரு பாத்துக்கப் போறா? தேக்குத் தூணு, கதவு நிலை எல்லாத்தையும் நல்ல விலைக்கு எடுத்துக்கிறோம்." ஒருவர் விட்டால் இன்னொருவர். ஆச்சி இருட்டிய பிறகு கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

நம் ஊர்களில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பது திருடனுக்குத் தேவையான விவரம். அதை நாமே வரிசைப்படுத்திக் கையில் கொடுக்கிறோம். "எல்லாம் நம்ம ஆளுகதானே" என்று எனக்குப் பதில் சொன்னார்கள். பட்டியலை வெளியே விட்டவரும் நம்ம ஆள்தான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எந்தக் காரியத்துக்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்குகிறீர்களோ, அந்தக் காரியத்துக்கு மட்டுமே, அதற்குத் தேவையான விவரத்தை மட்டுமே பயன்படுத்தலாம். சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: தொலை மருத்துவச் செயலி ஒன்று போனில் உள்ள நம்பர்களையும் கேட்கிறது, பயனரும் சரி என்கிறார். அப்போதும் சம்மதம் மருத்துவச் சேவைக்கு மட்டுமே செல்லும், ஏனென்றால் மருத்துவத்துக்கு அந்த நம்பர்கள் தேவையில்லை. அதேபோல வரிக்கு ஜாதகம் எதற்கு? வரன் பட்டியல் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். விருப்பமுள்ளவர்கள் தருவார்கள். கொடுத்த சுலபத்திலேயே சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

ஆங்கிலப் படிவம்

சம்மதம் கேட்கும்போது கொடுக்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும்.

ஆதார் நகல்

வரிக்குத் தேவையில்லை, வாங்காதீர்கள். எங்காவது கொடுத்தே ஆக வேண்டியிருந்தால் முதல் 8 இலக்கங்கள் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

பிள்ளைகள் விவரம்

18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம்.

கசிந்ததை மறைப்பது

பலர் இதை மானப் பிரச்சினையாக்கி மூடிவிடுகிறார்கள். சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம், பாதுகாப்பில் கோட்டை விட்டதற்கு 250 கோடி வரை. சின்னச் சங்கத்துக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் குடும்பங்களுக்கு உடனே சொன்னால்தான் அடுத்த போன் வரும்போது உஷாராக இருப்பார்கள்.

பழைய பிரதிகள்

வரி தண்டி முடிந்ததும் தேவையற்ற விவரத்தை அழியுங்கள். தட்டச்சு செய்த பையனின் லேப்டாப், பிரிண்ட் போட்ட கடையின் கணினி, அனுப்பிய வாட்ஸ்அப் குழு இவற்றிலும் சேர்த்து.