ஸாப்வித் கேமல் மாடல்: காக்பிட்டுக்குள் கம்பி கட்டுவது எப்படி?

இரட்டை இறக்கை விமான மாடல் என்றாலே, இறக்கைகளுக்கு நடுவே ஓடும் கம்பிகளை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அவை பொறுமையாகக் காத்திருக்கும். மாடல் முடியும் தறுவாயில்கூடக் கட்டலாம். விமானி உட்காரும் இடமான காக்பிட்டின் கம்பிகள் அப்படியல்ல. உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டால் உள்ளே இடுக்கி நுழையாது.

எடுத்துக்காட்டுக்கு 1/48 அளவில், அதாவது உண்மையான விமானத்தில் 48இல் ஒரு பங்காக, ஸாப்வித் கேமலை எடுத்துக்கொள்வோம். 1917இல் போர்முனைக்கு வந்த பிரிட்டிஷ் போர் விமானம் இது. அந்த ஆண்டு 28ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவில் ஹர்தித் சிங் மாலிக் என்ற இந்தியர், தலைப்பாகைக்கு மேல் பொருந்தும்படி தனியாகச் செய்த தலைக்கவசத்தோடு ஓட்டியதும் இதைத்தான். இந்த அளவில் மாடலின் நீளம் 12 செ.மீ.; காக்பிட் திறப்பு ஏறத்தாழக் கட்டைவிரல் நகத்தளவு.

எந்தக் கம்பி எதற்கு?

உள்ளே இரண்டு வகைக் கம்பிகள். முதல் வகை, மரச்சட்டத்தை விறைப்பாகப் பிடித்துக்கொள்பவை. கேமலின் உடல் மரச்சட்டங்களால் ஆன நீள்பெட்டி. கம்பியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. அதனால்தான் சட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கம்பிகள் மூலைக்கு மூலை X வடிவில் போகின்றன. ஒற்றை மூலைவிட்டம் மட்டும் போட்டால், விவரம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாம் வகை, கட்டுப்பாட்டுக் கேபிள்கள். விமானியின் காலடியில் உள்ள மிதிகட்டையின் இரு முனைகளிலிருந்தும் வால் சுக்கானுக்கு ஒவ்வொரு கேபிள் செல்லும். இடது முனையிலிருந்து கிளம்புவது இடப்பக்கமே போகும், குறுக்கே மாற்றிவிடாதீர்கள். விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால்பலகையான எலிவேட்டரின் கேபிள்கள் கட்டுப்பாட்டுக் கோலின் அடியிலிருந்து பின்னோக்கிப் போகும்.

1. முதலில் பாருங்கள்

இரண்டு பாதிகளையும் ஒட்டாமல் சேர்த்து டேப் போடுங்கள். திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். இருக்கையின் இருபுறச் சுவர்கள், இருக்கைக்குச் சற்றுப் பின்னால், மிதிகட்டையின் ஓரம். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். தெரியாத இடத்தில் கம்பி கட்டுவது வீரம். தொடக்கத்தில் அந்த வீரம் வேண்டாம்.

2. நூலைத் தேர்ந்தெடுப்பது

3 மி.மீ. தடிமனான கம்பி 1/48இல் 0.06 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு மெல்லியதைக் கையாள்வது கடினம். 0.1 மி.மீ. தூண்டில் நரம்போ, தையல் கடைகளில் விற்கும் நிறமற்ற நைலான் நூலோ போதும். கறுப்பு மார்க்கரால் ஒரு முறை தடவி உலரவிடுங்கள். வெள்ளிநிறப் பெயிண்ட் மாடலைப் பொம்மையாக்கிவிடும்; கருஞ்சாம்பல்தான் அழகு.

3. துளை

சுவர்களுக்கு வண்ணம் பூசி, அழுக்குச் சாயமும் கொடுத்த பிறகே துளையிடுங்கள். சட்டக் கட்டத்தின் மூலையில் ஊசியால் ஒரு புள்ளி குத்துங்கள். அப்போதுதான் துரப்பண முனை வழுக்காது. 0.3 மி.மீ. முனையைக் கைத்துரப்பணத்தில் பொருத்தி விரலால் மெல்லச் சுழற்றுங்கள். சுவரில் பாதி ஆழம் போதும்.

4. கட்டுவது

நூலின் நுனியைத் துளையில் செருகி, ஊசிமுனையில் எடுத்த சூப்பர் க்ளூவைத் தொட்டு வையுங்கள். குழாயிலிருந்து நேரடியாக ஊற்றினால் சுவர் முழுவதும் ஓடிவிடும். நன்றாக இறுகிய பிறகு, மறுமூலையின் துளைக்கு மேலாக நூலை இழுத்து, அளவு பார்த்து, ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இடுக்கியால் அந்த நுனியைத் துளைக்குள் தள்ளி ஒட்டுங்கள். பலமாக இழுக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிட்டால் பாதிகள் சேராது.

நூல் சற்றுத் தொய்வாகத்தான் நிற்கும். நிற்கட்டும். பசை முழுவதும் காய்ந்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கங்காக இருக்கும் அதன் நுனியை நூலுக்கு அருகில், தொடாமல், ஒரு கணம் கொண்டுபோங்கள். நைலான் சூட்டில் சுருங்கி விறைத்துக்கொள்ளும். கண்ணெதிரே தொய்வு மறைவதைப் பார்ப்பது தனி சுகம். ஆனால் கங்கு பட்டால் நூல் அறுந்துவிடும். முதலில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் பழகிப் பாருங்கள்.

5. டர்ன்பக்கிள்

கம்பியை முறுக்கி இறுக்கும் இந்தத் திருகு உண்மையில் ஒரு விரல் நீளம் இருக்கும்; 1/48இல் 2 மி.மீ.கூட வராது. கடையில் விற்கும் உலோகத் துண்டுகள் இந்த அளவுக்குப் பெரும்பாலும் தடிமன். கம்பியின் ஒரு முனையருகே வெள்ளைப் பசையை நீளவாக்கில் ஒரு பொட்டு வையுங்கள். காய்ந்ததும் பித்தளை நிறம் தொட்டால் போதும்.

6. கேபிள்களும் இருக்கையும்

சுவர் வேலை முடிந்த பிறகு தரை, மிதிகட்டை, கட்டுப்பாட்டுக் கோல். கேபிள்களை வால்வரை கொண்டுபோக வேண்டியதில்லை. இருக்கைக்குப் பின்னால் இருட்டில் மறையும் இடத்தில் ஒட்டி முடித்துவிடலாம். பிரம்பு இருக்கையைக் கடைசியாக வையுங்கள். முன்பே வைத்தால் கைக்கு இடம் இருக்காது.

7. மூடுவதற்கு முன்

சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடிபோன்ற பரப்புகளில் வெண்மையாகப் படியும். ஆகவே கருவிகளின் முகப்பில் வார்னிஷ் சொட்டுகளை எல்லாக் கம்பிகளும் கட்டி முடித்த பிறகே வையுங்கள். பாதிகளை மறுபடி ஒட்டாமல் சேர்த்துப் பாருங்கள். விளிம்பில் இடைவெளி தெரிந்தால், ஏதோ ஒரு நூல்நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. புதிய பிளேடால் சீவிவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும் உலரட்டும். கீழ் இறக்கையை அதற்குப் பிறகு தொட்டால் போதும்.