மருந்து தெளிக்கும் முன் லின்க்ஸ் சிலந்தியைத் தேடிப் பாருங்கள்

இந்தியாவிலிருந்து சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை நெல் வயல்களில் சகஜமாக இருப்பது ஆக்ஸியோப்ஸ் ஜவானஸ் என்ற லின்க்ஸ் சிலந்தி. வலையைத் தேடினால் கிடைக்காது. வலை பின்னாமல் பாய்ந்து இரை பிடிக்கும் இனம் இது. தண்ணீர் மட்டத்தை விட்டுவிட்டு, ஈரமில்லாத மேல் இலைகளைப் பாருங்கள். கால் முழுக்க நீண்ட முட்கள் குத்திட்டு நிற்கும், வயிறு பின்பக்கம் கூராகக் குறுகும். பயிர் தழைத்து இலைகள் ஒன்றோடொன்று மூடிய பிறகுதான் வயலுக்குள் அதிகம் வரும். அதுவரை? வரப்புப் புல்லில் தேடலாம். இலைச்சுருட்டுப் புழு, தண்டுத்துளைப்பான் இவற்றின் தாய் அந்துப்பூச்சிகளை முட்டையிடும் முன்பே பிடித்துவிடும். இலையில் ஒட்டிய முட்டைப்பையை ஒரு சிலந்தி அணைத்தபடி காவல் இருந்தால், அந்தப் பக்கம் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.